இராசையா அண்ணையை விழுத்தியது வயதல்ல

புதிதாக நியமனம் பெற்ற விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கு ஊக்கமளிக்கும் விதத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகளே, ஊக்கம் உங்களிடம் தாராளமாக இருக்கும். அது என்னிடமிருந்து வரத் தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படப்போவது, எந்த இடத்தில் யாரோடு முரண்பட வேண்டும் என்ற தெளிவு. பயிற்சிக் காலத்தில் அதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். சொல்லித் தருகிறவர்களோடுதான் முதலில் முரண்பட வேண்டிவரும் என்பதால் இருக்கலாம்.

விளையாட்டு உத்தியோகத்தராக என் வேலைக்காலத்தின் கடைசி வருடங்கள் யாழ்ப்பாணத்தின் தீவுப் பகுதியில் கழிந்தன. மாகாண மட்டத்தில் ஓடி வென்ற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது எழுபது வயது கடந்த ஒரு மனிதரைப் பற்றி. உங்கள் கடமைகளில் முதியோர் என்ற சொல் கடைசியில்தான் வரும். வருடத்தில் ஒரு நாள் விழா, பொன்னாடை, சாப்பாட்டுப் பார்சல், புகைப்படம். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

புங்குடுதீவில் ஏதாவது ஓர் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். பூட்டிய வீடு, அதற்குப் பக்கத்தில் பூட்டிய வீடு, அதற்கும் அடுத்தது கூரை போன வீடு. பிறகு ஒரு வீட்டில் வயதான ஒருவர் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பார். அவர் நடந்து திரியும் வரைக்கும்தான் அந்த ஒழுங்கைக்கு உயிர். அவர் படுத்தால் அதுவும் பூட்டிய வீடு. தீவுகளில் முதியவர்களின் கால் பலம் என்பது ஊரின் பலம். இதை நான் மேலதிகாரிகளிடம் எத்தனையோ தரம் சொன்னேன். தலையாட்டினார்கள்.

மடத்துவெளிப் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தில், கிழமையில் இரண்டு காலை, முதியவர்களுக்குப் பயிற்சி தொடங்கினேன். முதலில் வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களில் பூமணி அக்கா என்றொருவர். ஆடு வளர்ப்பவர், தனி ஆள், வாய் கொஞ்சம் காரம்.

“எங்களுக்கு என்னத்துக்கு மிஸ் உடற்பயிற்சி? ஆட்டுக்குக் குழை முறிக்கிறதே போதும்” என்றார்.

“சரி அக்கா. ஒற்றைக் காலிலை கொஞ்சம் நில்லுங்கோ பாப்பம்” என்றேன்.

நின்றார். உடனே தள்ளாடி என் தோளைப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூமணி அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் எல்லோருக்கும் முதல் வந்து மைதானத்தில் நின்றார். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

இராசையா அண்ணை அப்படிச் சீண்டி அழைக்க வேண்டிய ஆளல்ல. தானாக வந்தவர். இளவயதில் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்து, கலவரத்தில் எல்லாம் எரிந்து ஊருக்குத் திரும்பியவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். மனைவி இறந்துவிட்டார். கனடாவிலிருக்கும் மகன் கட்டிக் கொடுத்த பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மகன் கிணற்றுக்கு மோட்டர் பூட்டிக் கொடுத்திருந்தும் வாளியால்தான் அள்ளுவார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“மோட்டர் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் பிள்ளை. என்ரை தோளுக்கு ஆர் இறைக்கிறது?” என்றார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மைதானத்தை ஒரு சுற்று, நிற்காமல், ஓடி முடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓடியதாம். அதற்குப் பிறகு கடை, கல்யாணம், இடப்பெயர்வு, பிள்ளைகளின் படிப்பு என்று ஓட்டமே வேறுவிதமாகிப் போனது என்பார். மெல்ல நடந்து, வேகமாக நடந்து, கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்து, அந்தச் சுற்றை அவர் ஓடி முடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அந்த வருட முதியோர் விழாவில் ஊர் பார்க்க ஓடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புதிதாகச் சப்பாத்தும் வாங்கினார்.

விழா காலை ஏழு மணிக்கு என்று அறிவித்திருந்தோம். நான்தான் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். வெயில் ஏற முதல் போட்டிகளை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதியவர்கள் ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஓடப்போகிறோம் என்று அநேகமானோர் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். 

பிரதம விருந்தினர் வரவில்லை.

அவர் யார் என்று சொல்லமாட்டேன். எந்த வருடம் எந்த விருந்தினர் என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மேடைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். முதியவர்களை அதற்கு முன்னால், வெட்டவெளியில், வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் வரும்போது வரிசை குலைந்திருக்கக் கூடாதாம். ஒலிபெருக்கியில் ஒருவர், “இன்னும் சற்று நேரத்தில்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் என் மேலதிகாரியிடம் போனேன்.

“சேர், போட்டிகளைத் தொடங்குவம். அவர் வந்தாப்போலை பரிசு குடுக்கட்டும்.”

“அது மரியாதையில்லை மிஸ். வெளிக்கிட்டிட்டாராம்.”

“வெயிலைப் பாருங்கோ.”

“இவ்வளவு நேரம் நிண்டவை, இன்னும் கொஞ்சம் நிப்பினம்.”

இன்னொரு தரம் போனேன். அதே பதில். பிறகும் போனேன். அந்த முறை அவர் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் அசைத்தார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தபோது வாகனம் வந்தது. பிறகு மாலை, கொடி, விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை. விருந்தினர் தன் உரையில் முதியோர் எமது சொத்து என்றார். அந்தச் சொத்து வியர்வை வழிய அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. குடிதண்ணீர்ப் போத்தல்கள் மேடையில், மேசை விரிப்பின் மேல், விருந்தினர்களுக்கு முன்னால் அடுக்கி இருந்தன. கீழே ஒரு தண்ணீர் வாளிகூட வைக்கவில்லை. நான் எழுதிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டார்களாம். மாலை வாங்க மறக்கவில்லை.

ஓட்டத்தை விடுவோம், பரிசை மட்டும் கொடுப்போம் என்று கடைசியாகக் கேட்டேன். அதற்குள் ஒலிபெருக்கி பெயர்களைக் கூப்பிட்டுவிட்டது. இராசையா அண்ணை கோட்டில் போய் நின்றார். நான் ஓடிப்போய் அவரிடம், “அண்ணை, வேண்டாம், இன்னொரு நாளைக்கு ஓடுவம்” என்றேன்.

“விடியத்தொடக்கம் நிண்டது இதுக்குத்தானே பிள்ளை” என்றார்.

என் கழுத்திலிருந்த விசிலை ஒருவர் கேட்டு வாங்கிப் போய் விருந்தினரின் கையில் கொடுத்தார். போட்டியை அவர் தொடக்கி வைக்க வேண்டுமாம். அவர் சிரித்துக்கொண்டு ஊதினார். புகைப்படம் எடுத்தார்கள்.

தூரத்து வளைவில் இராசையா அண்ணையின் ஓட்டம் கோணியது. குடித்தவர் போல இரண்டு பக்கமும் போனார். பிறகு முகம் குப்புற விழுந்தார்.

பிள்ளைகளே, இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கையேட்டில் இருக்கும். படியுங்கள். ஆனால் கையேட்டில் இல்லாத ஒன்று உண்டு. அந்த இடத்தில் உங்களைச் சுற்றி நிற்கும் எல்லோரும் வேறொன்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நிகழ்ச்சி நிரலை, ஒருவர் விருந்தினரின் முகத்தை, ஒருவர் தன் வேலையை. விழுந்து கிடக்கும் மனிதரை நீங்கள் ஒருவர்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அவருடைய உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கடையைப் பூட்டு, கடையைப் பூட்டு என்று ஏதோ சொன்னார். யாரோ ஒருவர் சோடாப் போத்தலை அவர் வாய்க்குள் சரிக்கப் பார்த்தார். நான் அதைத் தட்டிவிட்டேன். நினைவு தடுமாறுகிறவரின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குள் போகும். உடம்பைக் குளிர வைக்க வேண்டும், வேறு ஒன்றுமில்லை. தண்ணீர் எங்கே? மேடையில்.

மேடைக்கு ஓடினேன். மேசை விரிப்பை அப்படியே போத்தல்களோடு சேர்த்து அள்ளினேன். பூச்சாடி விழுந்து உடைந்தது. விருந்தினர் எழும்பி நின்றார். ஒலிபெருக்கியில் ஒருவர், “சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்றார். “அதை நிப்பாட்டும்!” என்று நான் கத்தியது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டதாம். பிறகு சொன்னார்கள்.

பூமணி அக்கா தன் சேலைத் தலைப்பை நனைத்து அவர் கழுத்தில் சுற்றினார். மற்றவர்கள் நிழலுக்காகச் சுற்றி நின்று சேலைத் தலைப்புகளை விரித்துப் பிடித்தார்கள். அம்புலன்சுக்கு அறிவித்தாயிற்று. அது கடற்பாலம் தாண்டித் தீவுக்குள் வர வேண்டும். மைதானத்தில் நின்ற ஒரேயொரு குளிரூட்டிய வாகனம் விருந்தினருடையது. சாரதியிடம் போய்க் கதவைத் திற என்றேன்.

“சேரிட்டைக் கேக்கோணும் மிஸ்.”

“கேட்டுப்போட்டு வாரும். நான் ஏத்திறன்.”

அவன் கேட்கப் போன இடைவெளியில் நாங்கள் இராசையா அண்ணையைப் பின் ஆசனத்தில் கிடத்திவிட்டோம். சாரதி திரும்பி வந்து ஏறி ஓட்டினான். நல்ல பிள்ளை. என்ன பதில் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வைத்தியர் இருந்தார், பெண். பின்னேரம் வரைக்கும் அவரை விட்டு அசையவில்லை. கடைசியில் வெளியே வந்து சொன்னார்:

“தப்பிட்டார். இருதயத்திலை பிழையில்லை. முழுக்க வெயில், சாப்பாடில்லாமை, தண்ணியில்லாமை. இவரின்ரை வயசிலை வேறை ஆளெண்டால் போயிருப்பார் அக்கா. உடம்பை நல்லா வைச்சிருந்தபடியாத்தான் மிஞ்சினவர்.”

இந்த வாக்கியத்தை நான் அடுத்த நாள் அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். அப்போதே தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்டுவிட்டு அவர்கள் எடுத்த முடிவைப் பாருங்கள். முதியோர் விழாவில் இனி ஓட்டம், வேக நடை எதுவும் இல்லை. கதிரையில் இருந்தபடி பலூன் உடைத்தல், பாட்டுப் பாடுதல் போதும். மைதானத்தில் நடக்கும் காலைப் பயிற்சியும் மறு அறிவித்தல் வரை நிறுத்தம்.

“வயசு போனதுகளை ஓட விட்டால் இப்பிடித்தான் மிஸ் முடியும்” என்றார் மேலதிகாரி.

காலையிலிருந்து நண்பகல் வரை வெயிலில் நிற்க வைத்தது பற்றி ஒரு சொல் இல்லை. பந்தல் பற்றி இல்லை, தண்ணீர் பற்றி இல்லை. பிந்தி வந்தவரைப் பற்றி மூச்சே இல்லை. எல்லாப் பழியையும் ஒரு மனிதரின் வயதின் தலையில் சுமத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழும்பினார்கள். வயதால் பதில் சொல்ல முடியாது பாருங்கள். அதனால்தான் எல்லோருக்கும் அது வசதியாக இருக்கிறது.

மைதானம் இல்லாமற்போனதும் பூமணி அக்கா தன் வீட்டு வளவைத் தந்தார். ஆட்டுப் பட்டியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அங்கே கூடினோம். நான் கடமை நேரத்துக்கு முன்பு போய்வருவேன். ஆனால் இராசையா அண்ணை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார், மகன் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறாராம் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் வருவார் என்றிருந்தோம். மாரி தொடங்கியது. மழை பெய்து, வெள்ளம் வடிந்து, ஊர்ப் பாதை காய்ந்தும் அவர் வரவில்லை. அப்போது அந்த வைத்தியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, இராசையா ஐயாவை ஓட்டோவிலை கொண்டு வந்து காட்டினவை. ரெண்டு பேர் பிடிச்சு இறக்கினவை. எனக்கு விளங்கேல்லை. அண்டைக்கு ஆஸ்பத்திரியாலை நடந்து போன மனிசன். ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

போனேன். படலையைத் திறந்தபோதே வீடு மாறியிருப்பது தெரிந்தது. சைக்கிள் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. தோட்டத்தில் புல் வளர்ந்திருந்தது. விறாந்தையில் மெத்தை போட்ட பெரிய கதிரை ஒன்றில் அவர் இருந்தார். சமைத்துக் கொடுக்க, துணி துவைக்க, குளிக்க வார்க்க ஆள் வைத்திருந்தார்கள். அவர் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. சறத்துக்குக் கீழே தெரிந்த கால்கள் சதை வற்றிப் போயிருந்தன.

“கால் தடியாப் போச்சு பிள்ளை” என்றார்.

“வாங்கோ அண்ணை. படலை மட்டும் நடந்துபோட்டு வருவம்.”

அவர் எழும்பாமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினார். விறாந்தையின் மூலையில் சின்னதாக ஒரு கமரா. நான் பொருட்படுத்தாமல் அவர் கையைப் பிடித்தேன். அவர் பிடியை ஊன்றி எழும்பி ஓர் அடி வைத்தார்.

“அப்பா, எங்கை வெளிக்கிடுறியள்? இருங்கோ. ஆர் அது பக்கத்திலை?”

கனடாவிலிருக்கும் மகனின் குரல் கமராவுக்குள்ளிருந்து வந்தது. நான் திடுக்கிட்டுப் போனேன். இராசையா அண்ணை மறுபேச்சில்லாமல் கதிரையில் இருந்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு ஏறிய கோபம், விழா நாளில் ஏறியதைவிட அதிகம்.

நான் யாரென்று சொன்னேன்.

“ஓ. நீங்கள்தானே அவரை ஓட விட்ட மிஸ்? நீங்கள் இனி வீட்டுப் பக்கம் வரவேண்டாம்.”

“தம்பி, உம்மடை கோபம் எனக்கு விளங்குது. என்ரையையும் கேளும். அப்பா விழுந்தது வெயிலாலை. ஓட்டத்தாலை இல்லை. டொக்டர் சொன்னவ.”

“என்னவாயிருந்தாலும் வயசு போன மனிசன். இனி என்னத்துக்கு இந்த ஓட்டமும் நடையும்? இருந்து சாப்பிடட்டும். அதுக்குத்தானே நாங்கள் இஞ்சை இரவு பகலா முறியிறம்.”

அந்தக் குரலில் திமிர் இல்லை. களைப்பு இருந்தது. ஆனால் களைப்பைப் பார்த்து நான் இறங்கிப்போக முடியாது.

“சரி. அப்பாவைக் கையை ஊண்டாமல் கதிரையாலை எழும்பச் சொல்லும்.”

“ஏன்?”

“சொல்லிப் பாருமன்.”

 இராசையா அண்ணை தானாகவே கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பப் பார்த்தார். பாதி எழும்பி, மெத்தையில் தொப்பென்று விழுந்தார். திரும்பவும் பார்த்தார். அந்த முறை பாதிகூட வரவில்லை. நெற்றி வியர்த்தது.

“தம்பி, நீர் போனமுறை வந்து நிக்கேக்கை இவர் வாளியாலை தண்ணி அள்ளினவரோ?”

“ஓம்.”

“சைக்கிள் ஓடினவரோ?”

“ஓம் மிஸ்.”

“இண்டைக்கு உம்மடை கதிரையாலை எழும்ப ஏலாமல் கிடக்கு. இதுக்கும் வெயிலோ காரணம்?”

  வேறு யாரோ பேசுவது போலக் கமராவிலிருந்து குரல் வந்தது.

“அம்மான்ரை செத்தவீட்டுக்கு எனக்கு வர ஏலாமல் போச்சு மிஸ். அப்ப இஞ்சை விசாப் பேப்பர் சரிவரேல்லை. ஃபோனிலைதான் பாத்தனான். அப்பாவுக்கும் அப்பிடி ஒண்டு வந்திடுமோ எண்டு நித்திரையில்லாமல் இதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

இராசையா அண்ணை கமராவை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நான் விழுந்து செத்தால் நீ ஒரு நாள் அழுவாய். இப்பிடி இருந்து செத்தால், நீ ஒவ்வொரு நாளும் இதிலை பாத்துக்கொண்டெல்லோ இருக்கோணும்?”

கமராவுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. நான் முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் உரிய நேரம்.

திரும்பி ஏறியபோது மகன் கேட்டது ஒன்றுதான். “தனிய விடாதையுங்கோ மிஸ்.”

தனியே விடவில்லை. பூமணி அக்கா பொறுப்பெடுத்தார். ஒவ்வொரு காலையும் ஆடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு அந்த விறாந்தைக்குப் போவார். “எழும்புங்கோ அண்ணை, ஆட்டுக்குட்டி கூட எழும்பிட்டுது” என்று அவர் போடும் சத்தம் ஒழுங்கை முனைவரை கேட்கும். முதலில் மெத்தையை எடுத்தெறிந்தோம். கதிரைப் பிடியை ஊன்றி எழும்புவது, பிறகு ஒரு கையை மட்டும் ஊன்றி எழும்புவது, பிறகு கிணற்றடி வரை நடப்பது. ஒரு நாள் அரை வாளித் தண்ணீர் அள்ளினார். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். முன்பு நிறை வாளியை ஒரே இழுவையில் தூக்கியவர். அவர் எதை நினைத்து நின்றார் என்று எனக்குத் தெரியும்.

சமையலுக்கு வைத்த ஆளை அவர் கிழமைக்கு இரண்டு நாள் ஆக்கினார். கமரா கழற்றப்படவில்லை. மகன் அதில் காலை நேரங்களில் வெறும் கதிரையைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு நித்திரைக்குப் போனதாக ஒரு நாள் எனக்குச் சொன்னான்.

அடுத்த விழாவுக்கான கூட்டம் வந்தது. பலூன், பாட்டு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். நான் அந்த வைத்தியரை அழைத்துப் போயிருந்தேன். அவர் நீளமாகப் பேசவில்லை.

“நடக்கட்டும், ஓடக்கூடியவை ஓடட்டும். நான் வந்து நிப்பன். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள்ளை முடிக்கோணும். நிழலும் தண்ணியும் முதல் அவையளுக்கு, பிறகுதான் மேடைக்கு. இதுக்கு ஓமெண்டால் நான் வாறன்.”

வைத்தியர் முன்னால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஓம் என்றார்கள்.

விழா நாளில், ஏழு மணிக்கு, மைதானத்தின் மர நிழலில் முதியவர்கள் தயாராக நின்றார்கள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. வைத்தியரும் வந்துவிட்டார். விருந்தினர் வரவில்லை. அந்த வருடம் வேறொருவர். வழக்கம் ஒன்றுதான். மேலதிகாரியின் அழைப்பு வந்தது.

“மிஸ், வெளிக்கிட்டிட்டாராம். கொஞ்சம் வெயிட் பண்ணுங்கோ.”

“எங்கை நிக்கிறாராம்?”

“யாழ்ப்பாணத்திலை.”

“அப்ப இன்னும் வெளிக்கிடேல்லை சேர்.”

“மிஸ், தொடங்கிப் போடாதையுங்கோ. இது என்ரை ஓடர்.”

நான் மைதானத்தைப் பார்த்தேன். பூமணி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வூதியத்துக்குக் கொஞ்சக் காலம் இருந்தது எனக்கு. அந்த நினைவும் வந்தது, மறைக்கவில்லை. பிறகு, போன வருடம் நெருப்பாகக் கொதித்த ஓர் உடம்பு என் கையில் இருந்தது நினைவுக்கு வந்தது. தொலைபேசியைப் பைக்குள் போட்டேன். விசில் இந்த முறை என் கழுத்தில்தான் இருந்தது. ஊதினேன்.

ஓடினார்கள். நடந்தார்கள். பூமணி அக்கா வேக நடையில் இரண்டாவதாக வந்து, முதலாவது வந்தவர் ஓடிவிட்டார் என்று சண்டை பிடித்தார். இராசையா அண்ணை ஒரு சுற்று நடந்தார். எல்லோரும் முடித்து நிழலுக்கு வந்த பிறகும் நடந்துகொண்டிருந்தார். கடைசியாக வந்து கோட்டைத் தாண்டினார். நான் கையைத் தட்டினேன். அவர் என்னை முறைத்தார்.

“கை தட்டாதையும் பிள்ளை. போன வருசம் ஓடின நான்.”

தட்டிய கையை இறக்கிவிட்டேன். அவர் சொன்னது சரி. அவர் அதற்குப் பிறகு ஓடவில்லை. வெயில் எடுத்ததை அவர் உடம்பு கொஞ்ச நாளில் மீட்டெடுத்தது. கதிரை எடுத்ததை முழுதாக மீட்க முடியவில்லை. வயதானவர்களை இருத்தி வைப்பது ஆபத்தில்லாத காரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த மனிதரைச் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. பயறும் தேங்காய்ப் பூவும் தேத்தண்ணியும் கொடுத்தோம். பரிசை வைத்தியர் கொடுத்தார். ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். விருந்தினரின் வாகனம் வந்து நின்றபோது மைதானத்தில் நானும், அதற்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்த மேலதிகாரியும், பந்தல்காரரும் மட்டும்தான். விருந்தினர் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்.

“எங்கை முதியவர்கள்?”

மேலதிகாரி என்னைப் பார்த்தார். 

“வீட்டை போயிட்டினம் சேர்” என்றேன். “வேலை இருக்காம்.”

அவருக்குக் கழுத்தில் மாலை போட ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறிப் போனார்.

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். குறித்த நேரத்தில் தொடங்கி, ஒருவரும் மயங்கி விழாமல் விழா முடிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை அந்த அலுவலகத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. அதைத் தாங்கிக்கொள்ளலாம் பிள்ளைகளே. தாங்கவே முடியாதது வேறு. ஒரு நல்ல உடம்பை, அன்பினாலும் மரியாதையினாலும் சோம்பலினாலும், கண்ணுக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்து பாழாக்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை நயினாதீவு கோயிலுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் படகுக்கு நின்றேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. படகு இறங்குதுறையோடு முட்டி முட்டி விலகிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இராசையா அண்ணை. பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். படகில் நின்ற இளைஞன் இரண்டு கையையும் நீட்டி அவரை அக்குளில் பிடித்துத் தூக்கக் குனிந்தான். பாவம், அவனுக்கு நல்ல மனம்தான்.

இராசையா அண்ணை ஒரு காலைப் பின்னே எடுத்தார்.

“தம்பி, ஒரு கையைத் தாரும்” என்றார். “தூக்க வேண்டாம்.”

அவன் கையை நீட்டினான். படகு கிட்ட வரும்வரை பார்த்து நின்று, அதைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே கால் வைத்தார்.